இடது கைப்பிடி

பழைய ரப்பரைக் கழற்ற ஒரு பிளேடு போதும். நீளவாக்கில் ஒரே கீறல், அப்புறம் இரண்டு கட்டைவிரலாலும் பிரித்தால் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். உள்ளே ஹேண்டில்பார் கம்பி பளபளவென்று இருக்கும், வண்டி வாங்கிய நாளிலிருந்து காற்றே படாத இடம். ஐந்து நிமிஷ வேலை. நான் அரை மணி நேரமாகச் செய்துகொண்டிருக்கிறேன், ஏனென்றால் ஜெரால்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறான். என் மனைவி பிலோமினாவின் தம்பி. கவிழ்த்துப் போட்ட கிரீஸ் டப்பாமேல் உட்கார்ந்து, தன் வண்டியை நான் பிரிப்பதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் வா, ரெடியாக வைக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். காலை பத்து மணிக்கே வந்துவிட்டான். "வீட்ல உக்காந்து என்ன மாமா பண்ணப்போறேன், இங்கயே இருக்கேன்" என்றான். சரி, இரு. உன்னை யார் போகச் சொன்னது. ஊட்டியில் ஜனவரி மாசம், வெளியே வெயில் அடிக்கிறது, வெயிலில் சூடுதான் இல்லை, பட்டறைத் தகரத்திலிருந்து ராத்திரிப் பனி இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று வருஷத்துக்குப் பிறகு திங்கட்கிழமை இவன் மறுபடி லைனுக்குப் போகிறான். லைன் என்றால் பேக்கரி லைன், விடிவதற்கு முன்னால் வர்க்கியும் பிரெட்டும் பெட்டியில் கட்டிக்கொண்டு கீழே இருக்கிற ஊர்களின் டீக்கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. அதற்குள் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ரப்பரைக் கழற்றியதும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ரப்பர் கழன்றே கால் மணி நேரம் ஆகிறது.

புதுக் கைப்பிடி வந்த பெட்டியைத் திறந்தபோதே ஒரு அடி விழுந்தது எனக்கு. உள்ளே இரண்டு கைப்பிடி, கறுப்பு ரப்பர், ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத கம்பிச் சுருள், ஒவ்வொன்றின் அடியிலும் வால் மாதிரி ஒரு ஒயர். பேட்டரியிலிருந்து கரண்ட் போனால் கைப்பிடி சூடாகும், அவ்வளவுதான் சமாச்சாரம். பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் இளஞ்சூடு, மூன்று தடவை அமுக்கினால் உள்ளங்கை வேர்த்துவிடும். பார்க்கட்டும் என்று ஒன்றை மேஜைமேல் வைத்து ஒரு பழைய பேட்டரியில் கொடுத்துக் காட்டினேன். ஜெரால்டு வலது கையால் தொட்டான், சிரித்தான், "அட, என்ன மாமா இது, தோசைக்கல்லு மாதிரி சுடுது" என்றான். அதே வார்த்தை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதே வார்த்தையைச் சொன்னான், அதே சிரிப்பு, அதே "அட". அது அவனுக்கு ஞாபகம் இல்லை. வண்டியிலிருந்து விழுந்த நாளும் அதற்கு முந்தின இரண்டு மூன்று நாளும் அவன் மண்டையிலிருந்து சுத்தமாகப் போய்விட்டன, திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு ஒன்றுகூடப் போகவில்லை. அன்றைக்கு ஒரு பெங்களூர்ப் பையனுடைய பெரிய வண்டி இங்கே நின்றது, இமயமலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய பையன், அவனுக்கு இதே மாதிரிக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தேன். ஜெரால்டு லைன் முடித்துவிட்டு நேராக வந்திருந்தான், விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய், ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டு. "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன் மாமா. கிளவுஸ் போட்டா கிளட்ச் பிடிச்சதே தெரியல, போடலன்னா கை செத்துப்போகுது." நான் என்ன செய்தேன்? சிரித்தேன். அந்தப் பெங்களூர்ப் பையனுக்கு எதிரில் என்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள வேண்டுமே. "இதெல்லாம் வெளியூர்க்காரன் சோக்கு மாப்ள. நமக்கு எஞ்சின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்றேன். இதுவரைக்கும் நாற்பது வண்டிக்குப் போட்டிருப்பேன், எல்லாம் வெளியூர்க்காரன் வண்டி. இந்த ஊர்க் குளிரில் விடியற்காலையில் ஓட்டிச் சோறு தின்கிற ஒருத்தனுக்கும் போட்டதில்லை. இவன்தான் முதல் ஆள்.

வலது பக்கம் கொஞ்சம் வேலை அதிகம். இடது கைப்பிடி சும்மா கம்பிமேல் உட்காரும், வலது கைப்பிடி ஆக்ஸிலேட்டர் குழாய்மேல் உட்கார வேண்டும், அந்தக் குழாயில் பழைய ரப்பரைப் பிடிக்கப் பல் பல்லாகக் கோடு இருக்கிறது, அதையெல்லாம் அரத்தால் ராவி வழவழப்பாக்க வேண்டும். ராவுகிறேன். பிளாஸ்டிக் தூள் முழங்கையெல்லாம் ஒட்டுகிறது. நமக்கு எஞ்சின் எதுக்கு இருக்கு. அதோடு விட்டிருந்தால் கிண்டலோடு போயிருக்கும். நான் விடுகிற ஆளா? வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். இந்த ஊரில் வண்டி ஓட்டுகிற பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான், நான் இருபது வருஷம் செய்ததுதான். இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டுவிடு, கிளட்சுக்கு வேலை இல்லை, இடது கையை எடுத்துக் கீழே கொண்டுபோய் எஞ்சின் பக்கத்தில் வை, தொடாதே, தொட்டால் வெந்துபோகும், பக்கத்தில் வைத்தாலே போதும், இரண்டு வளைவு தாண்டுவதற்குள் விரல் உயிர் வந்துவிடும். "ஒத்தக் கையிலயா மாமா?" என்று கேட்டான். பயந்துதான் கேட்டான், அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. "ஏன், ஒத்தக் கை போதாதா? வலது கையில பிரேக் இருக்கு, வேற என்ன வேணும்? நாங்கெல்லாம் இப்படித்தான் ஓட்டுனோம்." அதோடும் விடவில்லை. அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மலை இறக்கத்தில் ஒரு தடவை போய் ஓட்டிக் காட்டினேன். இடது கை எஞ்சின் பக்கத்தில், வலது கையில் வண்டி. முதுகுக்குப் பின்னால் அவன் சிரித்தான். மறுநாள் காலையில் கேத்தி இறக்கத்தில், சைப்ரஸ் மரத்து நிழலில் பனி கண்ணாடியாக உறைந்து கிடந்த வளைவில், வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. இடது தோள் முதலில் தரையில் பட்டதாம். அதற்குப் பிறகு தலை. அரம் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த இடம் மட்டும் பள்ளமாகிவிட்டது, கவனிக்கவில்லை. பரவாயில்லை, பசை நிரம்பிக்கொள்ளும்.

விழ வைத்தது ஒன்று. அதை எப்படியாவது பொறுத்துக்கொள்ளலாம், தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், நான் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். என்னைத் தின்பது அது இல்லை. ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி வராந்தா, வரிசையாக நீல நாற்காலி, ஒன்றுக்கொன்று ஆணியடித்துப் பிணைத்தது. இரண்டாம் நாள் இவன் பெண்டாட்டி ரெஜினா என் எதிரில் வந்து நின்றாள். "ஒத்தக் கையில வந்தாராம் அண்ணா. டீக்கடைக்காரர் பாத்திருக்கார். இடது கை கீழ எஞ்சின்கிட்ட இருந்துச்சாம். இந்தப் பழக்கத்தை யாரு அண்ணா இவருக்குப் பழக்கி விட்டது?" என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். பிலோமினா பார்த்தாள். அந்த நீல நாற்காலி வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறந்தேன். திறந்தபோது உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன், சத்தியமாக. "நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேம்மா, ஒத்தக் கையில ஓட்டாதேன்னு. கேட்டாத்தானே." இப்படி வந்தது. யோசித்துச் சொன்ன பொய் என்றால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். தும்மல் மாதிரி வந்த பொய் அது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்களாவது சொன்னீங்களே மாப்பிள்ளை என்றார். அதற்கு நான் தலையை வேறு ஆட்டினேன்.

"டீ வாங்கியாரேன் மாமா" என்று ஜெரால்டு எழுந்து போகிறான். இப்போது நடையில் ஒன்றும் தெரியவில்லை, தோள் மட்டும் ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கிறது, சொன்னால்தான் தெரியும். கடவுள் இருக்கிறார். ஒரு வருஷம் இடது கை கயிறு மாதிரித் தொங்கியது, தோளிலிருந்து கைக்குப் போகிற நரம்பு பிய்ந்துவிட்டது என்றார்கள், ஆபரேஷன் செய்தார்கள், ரப்பர்ப் பந்தை அமுக்கு அமுக்கு என்று ரெஜினா ராவும் பகலும் உயிரை வாங்கினாள். இப்போது விரல் மடங்குகிறது, பிடிக்கிறது, போன மாசம் டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். மூன்று வருஷமாகப் பேக்கரிக்குள் உட்கார்ந்து பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தவன். பிள்ளைகள் கேட்டால் அப்பா ஆபீஸ் வேலைக்கு மாறிட்டேன் என்று சொல்வான். இதோ, இரண்டு கண்ணாடி டம்ளரோடு வருகிறான், கைக்கு ஒன்றாக, ஆவி பறக்கிறது. வலது கை டம்ளரை வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை கீழே வைத்து விரலை மாற்றிக்கொள்கிறான், இடது கை டம்ளரை அப்படியே கெட்டியாகப் பிடித்திருக்கிறான். நான் அதை வாங்கினேன், அம்மாடி, துணியைச் சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. "பாத்தீங்களா மாமா, இடது கை எப்படி ஆயிருச்சுன்னு. சும்மா கிண்ணுனு இருக்கு" என்று விரலை விரித்து மூடிக் காட்டுகிறான், அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு. எனக்குக் கண் கரித்தது. கை தேறிவிட்டது, ஆள் தேறிவிட்டான், இனிமேல் எதற்கு அந்தப் பழைய கதை, கிளறி யாருக்கு லாபம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இந்த நினைப்பு எனக்குப் புதிதில்லை. அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறத் தேற நானும் கொஞ்சம் கொஞ்சமாக இதை நினைத்துப் பழகியிருக்கிறேன்.

ஆனால் இவன் விடமாட்டேன் என்கிறானே. டீயை ஊதிக்கொண்டே ஆரம்பிக்கிறான். "புதுசா லைனுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன் மாமா. எங்க மாமா தலைதலையா அடிச்சுக்கிட்டாரு, நான் கேக்கல, திமிரு, அதான் கடவுள் காட்டிட்டாருன்னு." "அதெல்லாம் எதுக்குடா இப்ப" என்கிறேன். "இல்ல மாமா, சொல்லணும். நாலு பேருக்குப் பாடமா இருக்கட்டும்." என் பொய்யை ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறான், மூன்று வருஷமாக, சம்பளம் வாங்காமல். கண் விழித்த நாளிலிருந்து அவனுக்குச் சொல்லப்பட்ட கதை அதுதானே. என்ன நடந்துச்சு என்று கேட்டான், சொன்னார்கள். மாமா சொல்லியும் கேட்காமல் விழுந்தவன் நீ. பேச்சு சரியாகத் திரும்பாத வாயால் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "மன்னிச்சுருங்க மாமா." எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது, ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா, "விடு, விடு, இனிமேலாவது பாத்து இரு" என்றேன். என்ன ஒரு பெரிய மனசு! ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கு முன்னாலும் ஈஸ்டருக்கு முன்னாலும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். கோபப்பட்டேன் சாமி, பூசைக்கு வராம இருந்தேன் சாமி, பொய் சொன்னேன் சாமி, என்று கூட்டத்துக்குள் கூட்டமாக அதையும் நுழைத்துவிடுகிறேன். சாமியாரும் என்ன பொய், யாரிடம் சொன்ன பொய் என்று கேட்பதில்லை, மூன்று ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுகிறார். கடவுளையே ஏமாற்றுகிற அளவுக்குக் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். பிலோமினாவை ஏமாற்ற முடிந்ததா என்று மட்டும் தெரியவில்லை. கல்யாணமான புதிதிலிருந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள் அவள். இறக்கத்தில் என் இடது கை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த வராந்தாவுக்குப் பிறகு அவள் என் வண்டியில் ஏறுவதில்லை. பஸ்ஸிலேயே போய்க்கிறேன், முதுகு வலிக்குது என்கிறாள். முதுகுவலியாகவும் இருக்கலாம்.

வலது கைப்பிடி. பசையைத் தடவியாகிவிட்டது. இந்தப் பசைக்குப் பொறுமை கிடையாது, பத்து எண்ணுவதற்குள் பிடித்துவிடும், பிடித்துவிட்டால் ரப்பரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒயர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானம் பண்ணிவிட வேண்டும், முறுக்குகிற பிடி இது, ஒயருக்குத் தொய்வு இல்லாவிட்டால் முறுக்கிய ஆக்ஸிலேட்டர் திரும்பி வராது, திரும்பி வராவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று, திருகி உள்ளே தள்ளு, ஒயர் கீழ்ப்பக்கம், நான்கு, ஐந்து, பிடித்துக்கொள். பிடித்துவிட்டது. ஹேண்டிலை இடது கோடி வரைக்கும் திருப்பி ஒரு முறுக்கு, டப்பென்று திரும்புகிறது. வலது கோடிக்குத் திருப்பி ஒரு முறுக்கு, டப். மறுபடி இடது. மறுபடி வலது. "எத்தனை தடவ பாப்பீங்க மாமா" என்று சிரிக்கிறான். ஆயிரம் தடவை பார்ப்பேன். இந்த வண்டியை நிமிர்த்தினதும் நான்தான். முன் சக்கரம், ஃபோர்க், டேங்க் எல்லாம் இரண்டே மாசத்தில் சரியாகிவிட்டது, ஆள் வர மூன்று வருஷம் ஆனது. அதுவரைக்கும் அந்த மூலையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது, நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டேன். லைனுக்குப் போகிறான் என்று பிலோமினா சொன்ன அன்றைக்கே இந்தக் கைப்பிடிக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன். அவன் கேட்கவில்லை. கேட்டதுதான் அவனுக்கு ஞாபகம் இல்லையே. மாமா தங்கமான மாமா, தானாகவே வாங்கிப் போடுகிறார் என்று ரெஜினாவிடம் சொல்லியிருப்பான்.

இடது கைப்பிடியும் ஒட்டிவிட்டேன், அதில் கஷ்டம் ஒன்றுமில்லை, அசையாத பிடி. பேட்டரிக்கு ரிலே கொடுத்து, சாவி போட்டால்தான் கரண்ட் வருகிற மாதிரி வைத்து, வலது ஒயரைச் செருகி முடித்தேன். இடது ஒயர்தான் எட்டவில்லை. பேட்டரி வலது பக்கம் இருக்கிற வண்டி, டேங்குக்கு அடியில் சுற்றிக்கொண்டு வர நான்கு விரல் குறைகிறது. கொஞ்சம் ஒயர் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். "இரு, ஒயர் எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே வந்தேன். ஒயர் கண்ணெதிரில் ஆணியில்தான் தொங்குகிறது. எடுக்காமல் நிற்கிறேன். எப்படி ஆரம்பிப்பது? மாப்ள, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்படி ஆரம்பித்தால் காசு விஷயம் என்று நினைப்பான். ஜெரால்டு, அன்னைக்கு நடந்தது உனக்குத் தெரியாது. இது சினிமா மாதிரி இருக்கிறது. சொல்லிவிட்டால் ரெஜினா என்ன சொல்வாள், இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு, ஒவ்வொரு சண்டையிலும் அவனைக் குத்திக் குத்தி, "அண்ணன் அவ்வளவு சொல்லியும் கேக்காத ஆளுதானே நீங்க" என்று, நானே என் காதால் கேட்டிருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொள்வான். நானும் அங்கே உட்கார்ந்து அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருப்பேன். ஒயரை எடுத்தேன். ஒரு சாண் வெட்டினேன். சரி, பற்றவைத்துக்கொண்டே சொல்லிவிடலாம், கையில் வேலை இருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

வெளியே வந்தால் ஜெரால்டு வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். சாவி போட்டிருக்கிறான், பொத்தானில் சிவப்பு விளக்கு, மூன்று தடவை அமுக்கியிருக்கிறான், இரண்டு கையும் இரண்டு கைப்பிடியில். பொறுக்க முடியவில்லை பாவம், சின்னப் பிள்ளை மாதிரி. "டேய், இன்னும்" என்று நான் சொல்ல வருவதற்குள், "மாமா, ஏ ஒன்! என்ன சூடு, என்ன சூடு! திங்கக்கிழமை காலையில நான் மகாராஜா" என்கிறான். நான் நின்றேன். "ரெண்டு பக்கமும் வருதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "ரெண்டும் ஜம்முனு வருது மாமா. இடது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கு" என்றான். டேங்குக்கு அடியில் இடது ஒயரின் முனை ஒன்றிலும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. என் கையில் ஒரு சாண் ஒயர் இருந்தது. அந்த டீ டம்ளர். துணி சுற்றித்தான் என்னால் பிடிக்க முடிந்த டம்ளர். விரலை மூடும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்த கண். மூன்று வருஷமாக வாரம் ஒரு தடவை பார்க்கிற ஆள், கை எப்படி இருக்கு என்று கேட்டிருக்கிறேன், நல்லா இருக்கு மாமா என்றால் நல்லதாகப் போச்சு என்று விட்டிருக்கிறேன், ஒரு நாள்கூட அந்தக் கையைத் தொட்டுப் பார்த்ததில்லை. பயம், தொட்டால் என் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடும் என்று. பக்கத்தில் போனேன். அவன் இடது கைமேல் என் கையை வைத்தேன். கை சில்லென்று இருந்தது. அடியில் ரப்பரும் சில்லென்று இருந்தது.

அவன் என்னைப் பார்த்தான், என் கையிலிருந்த ஒயரைப் பார்த்தான், அப்புறம் குனிந்து டேங்குக்கு அடியில் தொங்குகிற முனையைப் பார்த்தான். மெக்கானிக்கின் மச்சினன், விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவன் முகத்திலிருந்த மகாராஜா இறங்கிப்போனான். "ரெஜினாகிட்ட சொல்லிறாதீங்க மாமா" என்றான் மெதுவாக. "எவ்வளவு நாளா?" என்றேன். "வரவே இல்ல மாமா. பிடிப்பு வந்துச்சு, உணர்ச்சி வரல. பாத்துப் பிடிச்சா சரியாப் பிடிக்குது." "டாக்டர் பாக்கலியா?" "கண்ண மூடிக்கச் சொல்லி ஊசியால குத்திக் கேட்டாரு. ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே வலிக்குதுன்னேன்." "ஏன்டா? ஏன்டா இப்படிப் பண்ணின?" என்று கத்திவிட்டேன். அவன் தலையைக் குனிந்தான், ரெஜினா குத்தும்போது குனிவானே, அதே குனிதல். "நானே தேடிக்கிட்டதுதானே மாமா. நீங்க சொல்லச் சொல்லக் கேக்காம நானே போய் விழுந்தது. எனக்காக எல்லாரும் இன்னும் எத்தனை வருஷம் கஷ்டப்படணும்? லைனுக்குப் போறேன்னதும் அவ மூணு வருஷத்துல முதல் தடவையா சிரிச்சா. எப்படி மாமா சொல்றது?" கிளட்ச் பிடித்தது தெரியாத கையோடு திங்கட்கிழமை விடியற்காலை இருட்டில், பார்த்துப் பிடிக்கிறேன் என்று சாலையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு, அதே கேத்தி இறக்கத்தில். நான் ஆயிரம் தடவை ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பார்த்து, தங்கமான மாமாவாகக் கைப்பிடி போட்டு, வழியனுப்பியிருப்பேன். இன்னொரு தடவை. எட்டிச் சாவியைத் திருப்பி எடுத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. "வேண்டாம் ஜெரால்டு" என்றேன். "நீ ஓட்டாதே. ஓட்டக் கூடாது." சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மூன்று வருஷமாக நான் சொன்னதாக ஊரே நம்புகிற வார்த்தை, இப்போதுதான் என் வாயிலிருந்து முதல் தடவையாக வருகிறது. "அன்னைக்கு நான் இதச் சொல்லல" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. "எதை மாமா?" "ஓட்டாதேன்னு நான் சொல்லவே இல்ல ஜெரால்டு. ஒரு தடவகூடச் சொல்லல. கையை எஞ்சின்கிட்ட வைன்னு சொல்லிக் குடுத்ததே நான்தான். முந்தின நாள். இதே எடத்துல. உன்னப் பின்னால வச்சு ஓட்டியும் காட்டுனேன். நீ பயந்த. நான்தான் ஒத்தக் கை போதும்னேன். ஆஸ்பத்திரியில பொய் சொல்லிட்டேன். உன் பேர்ல போட்டுட்டேன்."

திட்டுவான் என்று நினைத்தேன். இறங்கி என் சட்டையைப் பிடிப்பான், அந்த வலது கையால் ஒன்று வைப்பான், வைக்கட்டும் என்று நின்றேன். அவன் வண்டிமேலேயே உட்கார்ந்திருக்கிறான். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தகரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீரை எண்ணுகிற மாதிரி. "அப்ப நான் கேட்டேனா மாமா?" என்றான். எனக்கு விளங்கவில்லை. "நீங்க சொன்னத நான் கேக்கலன்னுதானே மூணு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். அப்ப கேட்டிருக்கேன். நீங்க சொன்னபடியேதான் செஞ்சிருக்கேன்." "ஆமாடா" என்றேன். "நீ கேட்ட. அப்படியே கேட்ட." அவன் உதடு ஒரு தடவை கோணியது. ரெஜினாவிடம் நானே வந்து சொல்கிறேன், இன்றைக்கே வருகிறேன், டாக்டரிடமும் சேர்ந்து போவோம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவன் கேட்கிறானா என்று தெரியவில்லை. என் கை இன்னும் அவன் இடது கைமேல்தான் இருக்கிறது, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அது அவனுக்குத் தெரியாது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.